துரை இன்றைக்கு வரவில்லை

பிப்ரவரி 9

அக்கா,

நீ போனை எடுக்கமாட்டாய். எடுத்தாலும் "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று கேஸ் ஏஜென்சிக்காரரிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். கையால் எழுதிப் பதினைந்து வருஷமாகிறது. எழுதியதை நானே ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். இதை மருந்துக்கடையில் நீட்டினால் இருமலுக்கு ஏதாவது கொடுப்பார்கள்.

அப்பாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? ஒன்றும் சொல்லவில்லை என்றால் எந்த மாதிரி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுது. அவர் மௌனத்தில் நாலைந்து ரகம் உண்டு, உனக்குத் தெரியும்.

அன்றைக்கு என் 'குனிவு' நாடகத்தின் நடுவே நீ அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வெளியேறியபோது, அதுவும் நாடகத்தில் ஒரு காட்சி என்று நினைத்து முன்னால் நின்றிருந்த ஒரு பெண்மணி கைதட்டினார். பரிசோதனை நாடகத்தில் இதுதான் வசதி, இதுதான் இம்சையும். யார் நிஜமாகவே கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய மன்றத்துக்கு மார்ச் 30ஆம் தேதி நூறு வயதாகிறது. மன்றத் தலைவர், வேகும் வெயிலிலும் கழுத்தில் டை கட்டுகிறாரே, அவரேதான், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க நாடகத்தைப் பத்திப் பேப்பர்ல பெரிசா போட்டிருக்கானே, நூற்றாண்டு விழாவுல அதைப் போட்டுடுங்களேன்" என்றார். நாடகம் எதைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அப்பா முப்பத்தெட்டு வருஷம் வாசல்காரராக நின்ற அதே மன்றத்தில், அவர் குனிந்த அதே முதல் வரிசை முதல் நாற்காலிக்கு முன்னால், அந்தக் குனிவை மேடையேற்றப் போகிறேன் அக்கா. இருபது வருஷமாகக் கோடவுனிலும் கார் ஷெட்டிலும் நாடகம் போட்டவனுக்கு இது என்னவென்று உனக்குத் தெரியாதா?

ஒரே ஒரு உதவி வேண்டும். அப்பாவின் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு உன் டிரங்குப் பெட்டியில்தானே இருக்கிறது. பார்சலில் அனுப்பு. நாங்கள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டால் எங்கள் நடிகன், 'ஒட்டகம்' என்று கூப்பிடுவோமே அந்த நெட்டையன், கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவன் மாதிரி இருக்கிறான்.

உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பிக்கு,

கடிதம் வந்தது. நான்கு எழுத்துப் பிழை இருந்தது. வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

கோட்டு வராது.

நீ யோசிப்பதற்காக அன்று நடந்ததை நானே எழுதுகிறேன். நீ எப்போதும் சுவையாகச் சொல்லிச் சொல்லி, நடந்ததையே மறந்துவிடுகிறாய். "அப்பா, உங்களைப் பத்தி ஒரு நாடகம், வந்து பாருங்க" என்று நீதான் ஆசையாகக் கூப்பிட்டாய். அவர் ஷேவ் செய்துகொண்டு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முட்டிவலிக்காரர் என்று அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டாய். மற்றவர்களை நிற்க வைத்தாய், அது ஏதோ உத்தியாம். அந்த ஒட்டகம் கூன் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய், ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பி வந்து காலி நாற்காலிக்குக் குனிந்து, "துரை இன்றைக்கு வரவில்லை, ஆரம்பிக்கலாம்" என்று அப்பாவின் குரலிலேயே சொன்னது. அத்தோடு விட்டாயா? வருஷத்துக்கு ஒன்று என்று முப்பத்தெட்டு தடவை! பத்தாவது குனிவுக்கு மேல் கூட்டமே சத்தமாக எண்ணத் தொடங்கியது. பதினொன்று, பன்னிரண்டு என்று சிரித்துச் சிரித்து எண்ணினார்கள். இருபத்திரண்டில் அப்பா எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து அழைத்துப் போகவில்லை. அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

'காலனியத்தின் முதுகெலும்பை முறித்த நாடகம்' என்று பேப்பரில் போட்டார்களாமே. முறிந்தது யார் முதுகெலும்பு என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

இங்கே அவர் சாப்பிடுகிறார், நடக்கிறார், பேப்பர் படிக்கிறார். உன் பேச்சை எடுத்தால் ஜன்னலைப் போய்ச் சாத்துகிறார். திறந்திருந்தாலும் சரி, சாத்தியிருந்தாலும் சரி.

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்காமல் கேட்டிருக்கிறாய். போனில் நீ நடித்துவிடுவாய். எழுத்தில் கொஞ்சம் கஷ்டம்.

அக்கா

பிப்ரவரி 24

அக்கா,

பிழைகளை வட்டமிடும் தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

நானும் கோபப்படலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு முடியில்லை, சேமிப்பில்லை. கோபமாவது இருக்கட்டும்.

துரைமார் போய் ஆறு வருஷம் கழித்துத்தான் அப்பா வேலைக்குச் சேர்ந்தார். வராத மனிதருக்காக, வரவே முடியாத மனிதருக்காக, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் கேட்டுவரை போய் ரோட்டைப் பார்த்துவிட்டு வருவார். அதுவரைக்கும் உறுப்பினர்கள் எல்லாரும் துரைக்கென்று காலியாக விட்ட அந்த நாற்காலியைப் பார்த்து அட்டென்ஷனில் நிற்பார்கள். யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது, விதிப்புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இன்றைக்கும் நடக்கிறது அக்கா! போன மாதம் ஒரு கண் மருத்துவ முகாம் தொடக்கத்துக்குக்கூட நின்றார்கள். டை கட்டிய தலைவர் இதைப் 'பாரம்பரியம்' என்கிறார். இதைக் கேலி செய்யாமல் வேறு எதைச் செய்வது?

மேலே பேண்டு வாசிப்பவர்களுக்கான பழைய மாடத்தில், இருட்டில், நீயும் நானும் உட்கார்ந்து நாடகம் பார்த்தது நினைவிருக்கிறதா? மன்றத்தார் கருணை வைத்து வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய இடம். நம்மைச் சுற்றி வண்டிக்காரர்கள், சலவைக்காரர்கள், செருப்பில்லாத கால்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வந்தால் சத்தம் வராது, தோள்தான் குலுங்கும். என் மனைவி முதல் வருஷம் முழுக்க நான் அழுகிறேன் என்று நினைத்தாள். பிள்ளைகள் சத்தமாகச் சிரித்தால் வராத துரைக்கு மரியாதைக் குறைவு என்று நினைத்த மனிதரைப் பற்றி நான் எழுதக்கூடாதா?

நீ மட்டும் என்ன? உன்னைப் பார்க்க வருகிற பெற்றோர் ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதித் தர வேண்டும், இல்லாவிட்டால் உன் ஏசி அறைக் கதவு திறக்காது. எழுதத் தெரியாத தகப்பன் தன் பிள்ளையையே கெஞ்சி எழுதி வாங்குகிறான். துரை வரவில்லை என்று யார் சொன்னது? வந்து, உன் பள்ளிக்கூடத்தில் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்.

எழுதி முடித்ததும் இதைக் கிழித்துவிட நினைத்தேன். தபால்தலை ஒட்டிவிட்டேன், போகட்டும்.

தம்பி

மார்ச் 6

தம்பி,

உன் கடிதத்தின் கடைசிப் பாராவுக்கு நான் இப்போது பதில் சொல்லப்போவதில்லை. வேறொன்று நடந்திருக்கிறது. உட்கார்ந்துகொண்டு வாசி.

நீ ஆள் வைத்தாவது கோட்டைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவாய் என்று அதை வேறு இடத்தில் ஒளித்துவைக்க எடுத்தேன். உள்பையில் ஏதோ கனமாக இருந்தது. பார்த்தால் ஒரு மரக்கட்டை. கையளவு நீளம், ஒரு பக்கம் தடிமன், மறுபக்கம் தட்டை. தேய்ந்து வழவழவென்று இருந்தது. அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோய் நீட்டினேன்.

"இது என்னப்பா?"

"கதவுக்கு அடியில வைக்கிறது."

"எந்தக் கதவுக்கு?"

"மன்றத்து வாசக்கதவுக்குத்தான். அது தானா சாத்திக்கும். சாத்திக்கிட்டா வெளியில இருந்து திறக்க முடியாது."

"அதுக்கு ஏன் கட்டை? நீங்கதான் வாசல்ல நிக்கிறீங்களே."

"நான் எங்கம்மா வாசல்ல நிக்கிறது? ரூல் படி நான் கேட்டு வரைக்கும் போகணும், துரை வராரான்னு பாக்க. நான் அந்தப் பக்கம் போனா ஜனங்க எப்படி உள்ள வருவாங்க?"

எந்த ஜனங்கள் என்று கேட்டேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். எண்பத்தோரு வயதில் முதல்முறையாக ஒரு கேள்வி தன்னிடம் ஒழுங்காகக் கேட்கப்பட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

மேல்மாடம் யாருக்கும் ஒதுக்கப்பட்டதில்லை, தம்பி. பேண்டு போனதும் அதைப் பூட்டிவிட்டார்கள். சாவி அப்பாவிடம். ஷூ இல்லாமல், செருப்புக் காலோடும் வெறுங்காலோடும் அந்த மன்றத்துக்குள் வரக்கூடாது என்பதுதான் விதி. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மூன்று நிமிஷம் உறுப்பினர்கள் எல்லாரும் நாற்காலியைப் பார்த்து, திரும்பக்கூடாதென்று நின்றிருந்தார்களே, அந்த மூன்று நிமிஷத்தில் அப்பா கட்டையை வைத்துவிட்டு கேட்டுக்குப் போவார். மதில் ஓரம் காத்திருந்தவர்கள் உள்ளே நுழைந்து, இடதுபக்க மரப்படியில் சத்தமில்லாமல் மேலே ஏறிவிடுவார்கள். வண்டிக்காரர், சலவைக்காரர், பெருக்குகிறவர்கள், நீயும் நானும். முப்பத்தெட்டு வருஷம்.

நடுவில் ஒரு செயலாளர், "துரை போய் இத்தனை வருஷமாச்சு, எதுக்கப்பா இந்தக் கூத்து, நிறுத்திடலாம்" என்றாராம். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "சரிங்க ஐயா. எழுத்துல உத்தரவு குடுங்க, நாளையிலேர்ந்து நிறுத்திடறேன்." கையெழுத்துப் போட எவருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பாரம்பரியத்தைக் கட்டிக்காத்ததே அப்பாதான்!

"அப்ப அந்தக் குனிவு?" என்று கேட்டேன்.

"அது மேல இருக்கறவங்களுக்கு. நான் குனிஞ்சா கதவு சாத்தியாச்சு, இனிமே மூச்சு விடக்கூடாதுன்னு அர்த்தம். நாற்காலிக்கு யாரும்மா குனிவா? அதுக்கு ஒரு கால் ஆடிட்டிருந்தது, அதைச் சொல்லக்கூட நான் போகல."

வாயைப் பொத்திச் சிரிக்கச் சொன்னது எதற்கு என்று உனக்கு இப்போது விளங்கியிருக்கும்.

ஏன் எங்களிடம் சொல்லவே இல்லை என்றேன். "சின்னப் பசங்க, வெளிய உளறிட்டா வேலை போயிடும். அப்புறம் சொல்லலாம்னு பாத்தா ரெண்டு பேரும் பெரிய ஆளாயிட்டீங்க. கேக்கவே இல்லையே."

நீ மட்டுமில்லை. நானும்தான் கேட்கவில்லை. அன்றைக்கு உன் நாடகத்திலிருந்து நான் எழுந்தது, அவர் குனிந்தது உண்மை, ஆனால் அதை ஊர் பார்க்கக்கூடாது என்றுதான். நீ கேலி செய்தாய், நான் மூடி வைத்தேன். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியாது.

அக்கா

மார்ச் 11

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். முதல் மூன்றிலும் நகைச்சுவை இருந்தது.

இருபது வருஷமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? பார்வையாளர்களை நிற்க வைத்தேன், இருட்டில் தள்ளினேன், ஒருமுறை எல்லாரையும் சாக்குக்குள் நிற்கச் சொன்னேன். 'பார்வையாளனே நடிகனாக வேண்டும்' என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொன்னேன். அப்பா ஊரின் பெரிய மனிதர்கள் இருநூறு பேரை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் காலி நாற்காலிக்கு முன் நடிக்க வைத்தார். நடிக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. நிஜமான பார்வையாளர்கள் மேலே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் புரியாமல்! அவர்களுக்கு அந்த மனிதர் வைத்த ஆப்பு கோட்டுப் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

'குனிவு' செத்துப்போயிற்று. நானே அடக்கம் செய்துவிட்டேன். ஒட்டகத்திடம் புதிதாக எழுதுகிறேன் என்றேன்.

"சார், இதுல நான் எத்தனை தடவை குனியணும்?"

"ஒரு தடவைகூட வேண்டாம். நிமிர்ந்து நில்லு."

"அது கஷ்டமாச்சே சார்."

அப்பா வருவாரா, கேட்டுச் சொல். நடிக்க வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த வாசலில் நின்றால் போதும். ஊரெல்லாம் சொல்லி வைக்கிறேன்.

பிழை இருந்தால் வட்டமிடாதே, இந்த ஒருமுறை.

தம்பி

மார்ச் 19

தம்பி,

கேட்டேன். ஜன்னலைப் போய்ச் சாத்தவில்லை. திறந்தார்.

"நடிக்கல்லாம் மாட்டேன். டூட்டி பாக்கச் சொன்னா பாக்கறேன்" என்றார்.

எனக்குத் தேர்வு நேரம், நகர முடியாது. 28ஆம் தேதி ரயிலில் ஏற்றிவிடுகிறேன், கீழ்ப்படுக்கை. கோட்டைத் துவைத்து இஸ்திரி போட்டாயிற்று. பொத்தான்களை அவரே உட்கார்ந்து தேய்த்தார். மாத்திரை பச்சைப் பையில். உன் ஒட்டகம் அவர் எதிரில் கூன் போட்டால் நான் நேரில் வருவேன்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

சிரிக்காமல் எழுத முயற்சி செய்கிறேன். முடியாது.

முப்பதாம் தேதி மன்றம் பளபளத்தது. டை கட்டிய தலைவர் அன்றைக்கு டையோடு கோட்டும் மாட்டியிருந்தார், வேர்வையில் அவரே ஒரு நீர்வீழ்ச்சி. அப்பாவைப் பார்த்ததும் குஷியாகி, "நம்ம பழைய வாசல்காரரே வந்திருக்காரு, பாரம்பரியத்தை அவர் கையாலயே பண்ணிடுவோம்!" என்று மைக்கில் அறிவித்தார். நான் கேட்க நினைத்ததை அவரே கொடுத்துவிட்டார்.

நான் மேல்மாடத்துக்கு ஏறிப் போனேன். நம் பழைய இடம். அதே இடத்தில் உட்கார்ந்தேன், முட்டி மட்டும் இப்போது முகவாயை இடிக்கிறது.

வெளியே மதில் ஓரமாக ஒட்டகத்தின் பொறுப்பில் எழுபது எண்பது பேர். பஸ் டிரைவர்கள், சலவைக்காரர்கள், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற பெண்கள், பெருக்குகிறவர்கள், குழந்தைகள். உள்ளே இருநூறு பேர் எழுந்து, நாற்காலியைப் பார்த்து அட்டென்ஷன். அப்பா வெள்ளைக் கோட்டில் நடந்தார். கூன் இல்லை அக்கா. இருந்ததே இல்லை. நான்தான் எழுதிச் சேர்த்தது.

கதவைத் திறந்தார். உள்பையில் கையை விட்டார். நின்றார். மற்ற பைகளைத் தடவினார். கட்டை இல்லை!

ஒரு கையால் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கதவை விட்டுவிட்டார், அது தானாகச் சாத்திக்கொண்டது. திரும்பி நடைபாதை வழியாக முன்வரிசைக்கு வந்தார். எல்லாரும் அறிவிப்பு வரப்போகிறது என்று நினைத்து, உட்காரத் தயாராகப் பாதி மடங்கினார்கள். அப்பா முதல் நாற்காலி முன்னால் போய்க் குனிந்தார். நான் மூச்சை நிறுத்தினேன், பழக்கதோஷம்.

குனிந்தவர் நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கினார்.

எண்பத்தோரு வயது, முட்டிவலி, சிவப்பு மெத்தை வைத்த தேக்கு நாற்காலி. தூக்கிக்கொண்டு நடைபாதையில் வாசலைப் பார்த்து நடந்தார். எல்லாரும் நாற்காலியைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதுதானே விதி? நாற்காலி நகர நகர இருநூறு பேரும் அதைப் பார்த்தபடியே திரும்பினார்கள். நூறு வருஷத்தில் முதல்முறையாக அந்த மன்றம் வாசலைப் பார்த்து நின்றது.

தலைவருக்கு வாய் குழறியது. "ஐயா, அது... அது துரையோட..."

"தெரியும் சார். அவரு வந்தா வாசல்லயே உக்காரட்டும்."

கதவைத் திறந்து, குறுக்கே நாற்காலியை வைத்தார். கதவு வந்து அதில் இடித்து நின்றுவிட்டது. பிறகு ரூல் படி கேட்டுவரை போய், ரோட்டை இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். ஜனங்கள் உள்ளே வந்தார்கள். செருப்போடும் வெறுங்காலோடும், மரப்படிப் பக்கம் போகாமல் நேராகக் கீழே, விளக்கு வெளிச்சத்துக்கு. மூட்டை தூக்குகிற ஒரு அம்மா தலைவர் பக்கத்தில் போய், "கொஞ்சம் தள்ளிக்கறீங்களா?" என்றார். தள்ளிக்கொண்டார்!

அப்பா திரும்பி வந்து, நாற்காலி இருந்த காலி இடத்தில் நின்று, அவருடைய சொந்தக் குரலில் சொன்னார்:

"துரை இன்னைக்கு வரல. ஆரம்பிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. கை தானாக வாய்க்குப் போயிற்று. பிறகு எடுத்துவிட்டேன். வந்த சத்தம் எனக்கே புதிது. கழுதை கத்தியதுபோல் இருந்தது என்று ஒட்டகம் சொன்னான். மன்றமே அண்ணாந்து பார்த்தது. அப்பாவும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் இந்த ரக மௌனத்தை நான் இதற்குமுன் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எங்கள் நாடகமும் நடந்தது. யாருக்கும் நினைவிருக்காது. வீட்டுக்கு வரும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன். "கொஞ்சம் நீளம்" என்றார்.

அந்த மனிதரின் மகன் நான். இருபது வருஷமாக நாடக அழைப்பு அட்டையில் 'இயக்குநர்' என்று போட்டுக்கொண்டதற்கு வெட்கமாகவும், இதை எழுதும்போது ஒரு அடி உயரமாகவும் இருக்கிறது. தலைவர் விளக்கம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். எழுத்தில் உத்தரவு கொடுத்தால் நாற்காலியைப் பழைய இடத்தில் வைப்பதாகச் சொல்லியனுப்பினேன். இதுவரை வரவில்லை.

கட்டை எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை. அப்பா பச்சைப் பையைக் கவிழ்த்துத் தேடிவிட்டார். ரயிலில் விழுந்திருக்குமோ?

தம்பி

ஏப்ரல் 10

தம்பி,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வட்டமிடப் பேனாவை எடுக்கவில்லை.

கட்டை ரயிலில் விழவில்லை. நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். கோட்டை மடித்தபோது உள்பையிலிருந்து எடுத்தேன். உனக்கு அவர் நடை கிடைத்தது, குரல் கிடைத்தது, ஒரு நாடகம் முழுக்கக் கிடைத்தது. எனக்கும் ஒன்று இருக்கட்டும் என்று தோன்றியது. அவருக்கு அது தேவைப்படும் என்று நினைக்கவில்லை. இப்போது யோசித்தால், அது பையில் இருந்திருந்தால் நாற்காலி இன்னும் முன்வரிசையில்தான் இருந்திருக்கும். ஆகவே நாடகத்தில் என் பங்கும் உண்டு. அட்டையில் போடு.

பிப்ரவரி 24 கடிதத்தின் கடைசிப் பாராவுக்குப் பதில்:

திங்கட்கிழமை அந்த விண்ணப்ப விதியை எடுத்துவிட்டேன். எழுத்தில் உத்தரவு போட்டு, கையெழுத்தும் போட்டேன். என் அறைக் கதவும் தானாகச் சாத்திக்கொள்கிறதுதான். அடியில் கட்டையை வைத்தேன். பியூன் மூன்று தடவை அதை எடுத்துவந்து, "மேடம், யாரோ கதவுக்கடியில கட்டையைப் போட்டிருக்காங்க, ஏசி வெளிய போகுது" என்று என் மேஜையில் வைத்தார். மூன்று தடவையும் நானே எழுந்துபோய்த் திரும்ப வைத்தேன். எனக்கும் குனியத் தெரிகிறது.

பதினொன்றரைக்கு ஒரு அம்மா வந்தார். சிமெண்ட் வேலை செய்கிறவர், கையெல்லாம் வெள்ளை. கதவைத் தட்டவில்லை, திறந்துதானே இருந்தது. என்னைக் கேட்காமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு நிமிஷம் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டேன். "என் பொண்ணு எப்படிப் படிக்கிறா?" என்று கேட்டார். நாற்பது நிமிஷம் பேசினோம். வெளியே நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அப்பாவை அவசரப்பட்டு அனுப்பாதே, கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும். கட்டையைப் பற்றிக் கேட்டால், வேலையில் இருக்கிறது என்று சொல்.

அக்கா